பைத்தான் பேக்கேஜில் தேவையில்லாத டிபெண்டென்சிகளைக் களைவது எப்படி?

சிஎஸ்வி கோப்பைப் படித்து மாதவாரியாகக் கூட்டுத்தொகை போடும் சின்னக் கருவி ஒன்றை எழுதி வெளியிட்டிருந்தேன். மொத்தம் 200 வரிதான். நிறுவிப் பார்த்த நண்பர், "கூட்டல் கணக்குக்கு ஏன் இத்தனை இறங்குது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தரவை அலசும் பாண்டாஸ், இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் ரிக்வெஸ்ட்ஸ், போதாக்குறைக்கு உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் வரை என் டிபெண்டென்சி பட்டியலில், அதாவது என் பேக்கேஜோடு சேர்ந்து இறங்கும் பிற பேக்கேஜ்களின் பட்டியலில், இருந்தன. அதைக் குறைத்த வழி இதோ.

முதலில் நிலவரத்தைப் பாருங்கள். காலியான மெய்நிகர் சூழல் (மற்றவற்றோடு கலக்காத தனிப் பைத்தான் இடம்) ஒன்றை உருவாக்கி, அதில் உங்கள் பேக்கேஜை மட்டும் நிறுவுங்கள். பிறகு பிப்டெப்ட்ரீ கருவியை ஓட்டினால் எது எதை இழுத்து வருகிறது என்று மரம் போலக் காட்டும். ரிக்வெஸ்ட்ஸ் என்று நாம் எழுதுவது ஒரு வரி. அதன் கீழே யூஆர்எல்லிப்3, செர்ட்டிஃபை, ஐடிஎன்ஏ, சார்செட்-நார்மலைசர் என்று நான்கு நிற்கும்.

அடுத்து, பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். கருவி ஓடுவதற்கு வேண்டியவை ஒரு பக்கம். சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட், நிரலை ஒழுங்குபடுத்தும் பிளாக் (Black) போல நமக்கு மட்டும் வேண்டியவை இன்னொரு பக்கம். நிறுவியிருப்பவை எல்லாவற்றையும் பதிப்போடு சொல்லும் 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை தரும் பட்டியலை அப்படியே டிபெண்டென்சி பகுதியில் ஒட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. நம் கணினியில் இருப்பதையெல்லாம் பயனர் தலையில் கட்டுகிறோம். போதாததற்கு, பதிப்பு எண்களும் இரட்டைச் சமக்குறியோடு இறுகிவிடும்; அதே நூலகத்தின் வேறு பதிப்பைக் கேட்கும் பேக்கேஜோடு மோதும்.

நிரலில் எங்குமே இம்போர்ட் ஆகாதவற்றை டெப்ட்ரை கருவி கண்டுபிடித்துச் சொல்லும். அதை மட்டும் நம்பி நீக்கிவிடாதீர்கள். டேட்டாபேஸ் டிரைவர்கள் சில, நாம் இம்போர்ட் செய்யாமலே பின்னால் வேலை செய்யும். ஒன்றை நீக்கி, புதிய சூழலில் டெஸ்ட்களை ஓட்டி, சரி என்றால் அடுத்ததைத் தொடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை: பைத்தானோடே வருவதைப் பயன்படுத்துவது. நேர மண்டலத்துக்கு பைட்ஸ் (pytz) வைத்திருந்தால், பைத்தான் 3.9 முதல் ஸோன்இன்ஃபோ உடன் வருகிறது (விண்டோஸில் மட்டும் நேர மண்டலத் தரவு உள்ள டிஸீடேட்டா பேக்கேஜ் வேண்டும்). டாமல் (TOML) வகை அமைப்புக் கோப்புகளைப் படிக்க 3.11 முதல் டாமல்லிப் இருக்கிறது. பழைய பதிப்புகளையும் ஆதரிக்க வேண்டுமா? அதே வேலையைச் செய்யும் தனி நூலகம் டாமலி. "3.11க்குக் கீழே மட்டும் டாமலி" என்று நிபந்தனை போடலாம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்துவிட்டது. 2, 3 இரண்டிலும் ஒரே நிரல் ஓட உதவும் சிக்ஸ் உங்கள் நிரலில் இன்னும் இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

பாண்டாஸை விட்டு சிஎஸ்வி மாட்யூலுக்கு மாறியபோது எனக்கு ஓர் இடறல். 'தேதி' என்ற முதல் நெடுவரிசை மட்டும் கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. எக்செல் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் எழுத்துக் குறியீட்டைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் (BOM) குறி ஒன்று உட்கார்ந்திருந்தது. பாண்டாஸ் அதைத் தானே விலக்கிவிடும். சிஎஸ்வி மாட்யூலில், கோப்பைத் திறக்கும்போது 'யுடிஎஃப்-8-சிக்' என்று நாம்தான் கொடுக்க வேண்டும். அதன்பின் பாண்டாஸ் செய்துகொண்டிருந்த வேலை 12 வரியில் முடிந்தது.

எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு முகவரியிலிருந்து கோப்பு இறக்க, பைத்தானோடே வரும் யூஆர்எல்லிப் போதும். குக்கீ, செஷன் எல்லாம் கையாள்கிறீர்கள் என்றால் ரிக்வெஸ்ட்ஸ் இருக்கட்டும். மறைகுறியாக்கத்தை (கிரிப்டோகிராஃபி) மட்டும் ஒருபோதும் சொந்தமாக எழுதாதீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 2024 மார்ச் 29-ஐ நினைத்துக்கொள்கிறேன். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிய மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தரவைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) இருப்பதை அன்று அறிவித்தார். எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்கு அந்த நூலகம் நேரடியாகத் தேவையே இல்லை. "நான் தொடங்கிவிட்டேன்" என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் அதன் நூலகமான லிப்சிஸ்டம்டியை இணைத்தன. அதன் வால் பிடித்து எக்ஸ்ஸெட்டும் உள்ளே வந்தது. அந்த அறிவிப்பை லிப்சிஸ்டம்டி இல்லாமலே அனுப்பும் நிரல், அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8-இல் சேர்ந்தது.

சிலருக்கு மட்டும் வேண்டிய வசதி, உதாரணமாக வரைபடம் போடுவது, இருந்தால் அதன் நூலகத்தை விருப்பப் பகுதிக்கு மாற்றுங்கள். இம்போர்ட்டை அந்தச் செயல்கூறுக்குள்ளேயே வைத்து, நூலகம் இல்லையென்றால் எதை நிறுவ வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் பிழைச்செய்தி கொடுங்கள்.

வெளியிடும்போது, நீக்கியவற்றின் பெயர்களை மாற்றக் குறிப்பில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். உங்கள் பேக்கேஜ் வழியாக வந்த ரிக்வெஸ்ட்ஸை யாராவது தங்கள் பட்டியலில் சேர்க்காமலே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அவர்கள் நிரல் நின்றுபோனால் முதலில் தேடிப் பார்க்கும் இடம் அந்தக் குறிப்புதான்.