சோஃபாவைக் காப்பாற்றப் பூனையின் விரலை வெட்ட வேண்டாம்

பூனை சோஃபாவைப் பிறாண்டுவது கோபத்தில் அல்ல, குறும்பிலும் அல்ல. நகத்தின் மேலுறை முதிர்ந்ததும் கழன்று விழ வேண்டும். அதற்கு நகம் பிடிக்கும்படியான ஒரு பரப்பு தேவை. தூங்கி எழுந்ததும் தோளையும் முதுகையும் இழுத்து நீட்டிக்கொள்ளவும் அதே பரப்புதான். முன்பாதங்களில் வாசனைச் சுரப்பிகள் இருப்பதால், பிறாண்டிய இடம் அதற்கு எல்லைக்கல் நட்ட மாதிரி. ஆகவே பழக்கத்தை நிறுத்த முடியாது, இடத்தைத்தான் மாற்ற முடியும். சோஃபா கனமானது, அசையாது, துணி நார் நாராகப் பிரியும், வீட்டின் நடுவில் இருக்கிறது. இதைவிட நல்லதொன்று பக்கத்திலேயே கிடைத்தால்தான் பூனை அதை விடும். மாற்று இடம் தராமல் சோஃபாவை மட்டும் மூடினால், அடுத்து மெத்தையின் முறை.

பிறாண்டும் கம்பம்

பின்னங்காலில் நின்று உடம்பை முழுக்க நீட்ட இடம் வேண்டும். 80 செ.மீ.க்குக் குறைந்த கம்பம் வளர்ந்த பூனைக்குப் போதாது. உயரத்தைவிட முக்கியம் உறுதி. ஒருமுறை ஆடிச் சாய்ந்தால் பல பூனைகள் அந்தப் பக்கமே போகாது.

வீட்டில் செய்வதானால் 10 செ.மீ. விட்டமும் 90 செ.மீ. நீளமும் உள்ள உருட்டு மரம் ஒன்று, 50 செ.மீ. சதுரமான 18 மி.மீ. பிளைவுட் பலகை இரண்டு, 100 மி.மீ. ஸ்க்ரூ நான்கு, மரப்பசை, 8 மி.மீ. தடிமனுள்ள சிசல் கயிறு (கற்றாழை வகைச் செடியின் நாரில் திரித்தது). 80 செ.மீ. உயரத்துக்கு 100 சுற்று வரும், ஒரு சுற்றுக்குச் சுமார் 34 செ.மீ. ஆகும், மொத்தம் 34 மீட்டர். கை இருப்பாக 36 மீட்டர் வாங்குங்கள்.

இரண்டு பலகைகளையும் ஒட்டிக் காயவிட்டு, மரத்தின் அடியிலும் பசை தடவி, பலகைக்குக் கீழிருந்து ஸ்க்ரூ முடுக்குங்கள். முதலில் சிறு துளை போடாவிட்டால் மரம் பிளந்துவிடும். பிறகு அடியில் 10 செ.மீ. விட்டு, அங்கிருந்து மேலாகக் கயிற்றைச் சுற்ற வேண்டும். ஒரு தடவைக்குக் கையகல உயரத்துக்கு மட்டும் பசை தடவி, ஒவ்வொரு சுற்றையும் முந்தையதோடு சுத்தியலால் தட்டி நெருக்குங்கள். இடைவெளி விட்டால் சுற்றுகள் வழுக்கி இறங்கும், நகமும் சிக்கும். கயிற்றின் முனையைப் பக்கவாட்டில் ஆணியடிக்காமல் மேல்முகத்தில் மடித்து அடிப்பது பாதுகாப்பு. ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகே பூனைக்கு விடுங்கள். நைலான் கயிறு வழுக்கும், வேண்டாம். மிச்சமிருக்கும் தரைவிரிப்பைச் சுற்றினால் செலவு மிச்சம்தான். ஆனால் தரையில் கிடக்கும் விரிப்பையும் பிறாண்டலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

எல்லாப் பூனைக்கும் கம்பம் பிடிக்காது. சேதம் சோஃபாவின் கைப்பிடியில் இருந்தால் செங்குத்தாகப் பிறாண்டுகிற பூனை. விரிப்பிலோ இருக்கையிலோ இருந்தால் அதற்குத் தரையில் கிடக்கும் நெளி அட்டைப் பலகை போதும்.

கம்பத்தை அறையின் ஒதுக்குப்புறத்தில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சேதமான மூலைக்கு முன்னால், ஒட்டினாற்போல் வையுங்கள். தூங்கும் இடத்தருகே இன்னொன்று இருந்தால் நல்லது. பாதத்தைப் பிடித்துக் கம்பத்தில் தேய்க்காதீர்கள், மிரண்டுவிடும். இறகுப் பொம்மையைக் கம்பத்தின் மேல் ஆட்டினாலே நகம் தானாகப் பதியும். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பயன்படுத்திய பிறகு, தினம் சில சென்டிமீட்டராக நகர்த்தலாம். கயிறு பிய்ந்து அசிங்கமாகத் தெரிகிறதே என்று தூக்கிப் போடாதீர்கள். பூனைக்கு இப்போதுதான் அது சொந்தமாகியிருக்கிறது.

அதே நாளில் சோஃபாவின் சேதமான இடத்தில் இருபக்கமும் ஒட்டும் டேப்பையோ, வழவழப்பான தடித்த பிளாஸ்டிக் தாளையோ போடுங்கள். தோல் சோஃபாவானால் டேப்பை முதலில் கண்ணில் படாத இடத்தில் ஒட்டிச் சோதிக்க வேண்டும். எலுமிச்சை, தேயிலை மர எண்ணெய் போன்றவற்றைத் தெளிக்கவே கூடாது. பூனை பாதத்தை நக்கும். இந்த எண்ணெய்கள் அதற்கு நஞ்சு. தண்ணீர் பீய்ச்சினால், நீங்கள் இல்லாதபோது பிறாண்ட வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

நகம்

முன்னங்கால் நகங்களை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் சேதம் பெருமளவு குறையும். விரல் மேட்டை மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளிவரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தநாளமும் நரம்பும். அதற்கு 2 மி.மீ. முன்னால், வளைந்த நுனியை மட்டும் வெட்டுங்கள். கறுப்பு நகமானால் இன்னும் குறைவாக. நகவெட்டி மழுங்கியிருந்தால் நகம் நசுங்கிப் பிளக்கும். ரத்தம் வந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) அப்பி இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றில்லை, தூக்கக் கலக்கத்தில் இரண்டு நகம் முடிந்தாலே போதும். உட்பக்கக் கட்டைவிரல் நகத்தை மறக்காதீர்கள். அது தேயாமல் வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்தும்.

வினைல் நக உறைகளும் உண்டு. நகத்தை வெட்டிவிட்டுப் பசையோடு மாட்டினால் 4 முதல் 6 வாரம் தாங்கும். பசை வழிந்தால் முடியில் ஒட்டும். உறை பெரிதானால் கழன்றுவிடும், சிறிதானால் நகத்தில் சரியாக ஏறாது. வெளியே சுற்றும் பூனைக்கு மாட்டவே கூடாது, ஏறித் தப்பிக்க நகம் வேண்டும்.

நகம் நீக்கும் அறுவை என்பது நகத்தைப் பிடுங்குவது அல்ல. நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்வதால், அந்த எலும்பையே வெட்டுகிறார்கள். இரு முன்னங்கால்களிலும் சேர்த்துப் பத்து விரல்கள். ஆறாத வலி, மணல் குத்துவதால் கழிப்புத் தட்டைத் தவிர்ப்பது, நகம் இல்லாததால் கடிப்பது எல்லாம் பின்னால் வரக்கூடியவை. இஸ்ரேல் 2011-லும் நியூயார்க் மாநிலம் 2019-லும் மருத்துவக் காரணமின்றி இதைச் செய்யத் தடை விதித்தன. நகத்தை விட்டுத் தசைநாரை மட்டும் வெட்டும் முறையும் தீர்வல்ல. நகம் வளர்ந்துகொண்டேயிருக்கும், பூனையால் தானாகத் தேய்க்கவும் முடியாது.

புதிதாக சோஃபா வாங்குவதானால் மைக்ரோஃபைபர் அல்லது நெருக்கமான வெல்வெட் துணி நல்லது. நகத்துக்கு மாட்ட இழையே இல்லை. லினன் போன்ற தளர்ந்த நெசவைத் தவிருங்கள். இருக்கும் சோஃபாவில் இழுபட்டு நிற்கும் நூலைக் கத்தரிக்காமல், மழுங்கிய ஊசியால் உள்பக்கம் தள்ளிவிடுங்கள். கத்தரித்தால் அங்கே ஓட்டை விழும்.