ஏஓஇ வட்டுக்கு டிவைஸ் ஃபைல்: கையால் உருவாக்குவதற்கு முன்

வேறொரு சர்வரில் உள்ள வட்டை ஈதர்நெட் வலையமைப்பு வழியாகப் பயன்படுத்தும் முறை ஏடிஏ ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக ஏஓஇ. அப்படி இணைத்த வட்டு லினக்ஸில் தெரியவில்லையா? உடனே டிவைஸ் ஃபைலை (வட்டை அணுக லினக்ஸ் பயன்படுத்தும் ஃபைல்) கையால் உருவாக்கும் மேக்நோட் கட்டளையைத் தேடிப் போகாதீர்கள். லினக்ஸின் மையமான கெர்னலில் ஏஓஇ மாட்யூல் (டிரைவர்) ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மோட்ப்ரோப் கட்டளை மூலம் ஏற்றி, ஏஓஇடூல்ஸ் தொகுப்பில் உள்ள ஏஓஇ-டிஸ்கவர், ஏஓஇ-ஸ்டேட் இரண்டையும் வரிசையாக ஓட்டுங்கள். பெரும்பாலும் டெவ் அடைவுக்குள் ஈதர்டி என்ற துணை அடைவு தானாகவே வந்துவிடும். வட்டின் டிவைஸ் ஃபைல் அதற்குள் இருக்கும். அதன் பெயர் இ0.1 என்றால் 0-ஆம் ஷெல்ஃபில் 1-ஆம் ஸ்லாட்; இந்த இரண்டு எண்களும்தான் வட்டின் முகவரி. இந்த எண்கள் வட்டைத் தரும் சர்வரில் வைப்பவை என்பதால், ரீபூட் செய்தாலும் பெயர் மாறாது.

பழைய கையேடுகள் மேஜர் எண் (எந்த டிரைவர் என்று சொல்வது) 152 போட்டு, மைனர் எண்ணை (அந்த டிரைவரின் எந்த வட்டு என்று சொல்வது) ஷெல்ஃப், ஸ்லாட்டிலிருந்து கணக்கிட்டு ஃபைல் உருவாக்கச் சொல்லும். இப்போது அது ஆபத்து. புதிய டிரைவர்கள் வட்டு கண்ணில் பட்ட வரிசையில் மைனர் எண் கொடுக்கின்றன; கணக்குப் போட்டு உருவாக்கிய ஃபைல் வேறொரு வட்டைக் காட்டலாம். அதில் ஃபார்மேட் செய்தால்... சரி, வேண்டாம். டிவைஸ் ஃபைல்களைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் நிரல் இல்லாத சின்னஞ்சிறு சிஸ்டத்தில் கையால்தான் செய்தாக வேண்டுமென்றால், சிஸ் அடைவின் பிளாக் பகுதியில் அந்த வட்டுக்குரிய, டெவ் என்ற பெயருள்ள ஃபைலைத் திறந்து, அங்கே இருக்கும் மேஜர், மைனர் எண்கள் இரண்டையும் அப்படியே எடுத்து மேக்நோட் கட்டளையில் போடுங்கள்.

அப்புறமும் வட்டு வரவில்லை என்றால் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். ஏஓஇ, ஐபி முகவரியே இல்லாமல் ஓடுவது; ரவுட்டரைத் தாண்டாது.