கொல்லைப்புறமாக நுழையாதீர்கள்

போன சனிக்கிழமை இங்கிலாந்தின் ஃபார்ன்ஹம் என்ற பழைய சந்தை ஊரில் ஓர் இளம் ஜோடியைப் பார்த்தேன். லயன் அண்ட் லாம்ப் யார்டு என்ற கடை முற்றத்தில் இருக்கும் சிங்கம், ஆட்டுக்குட்டி சிலையோடு செல்ஃபி எடுத்தார்கள், காபி குடித்தார்கள், வந்த வழியே காருக்குத் திரும்பினார்கள். "இவ்வளவுதானா ஊரு?" என்று அந்தப் பெண் தமிழில் கேட்டதால் என் காதில் விழுந்து தொலைத்தது. பத்து வருடத்துக்கு முன் அதே முற்றத்தில் நின்று நானும் அதையேதான் கேட்டேன். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

மழை வரும், கல் வழுக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, இங்கே வருகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பின்வழியாக முற்றத்துக்குள் போவது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். காரில் வருகிறவர்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் வண்டியை நிறுத்துகிறார்கள். அங்கிருந்து யார்டின் வால்பக்கம் நாலு எட்டு. உள்ளே போய், நாலு கடை பார்த்து, அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எதிர்முனையில் இருக்கும் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் கால் வைப்பதே இல்லை. ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிணற்றைப் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்ததாகச் சொல்வது போலத்தான்.

யார்டு என்பது முதலில் கடைகளுக்காகப் போட்ட இடம் அல்ல. இடைக்கால இங்கிலாந்துச் சந்தை ஊர்களில் தெருவைப் பார்த்த இடத்துக்குத்தான் மதிப்பு. அதனால் மனைகளை முகப்பில் குறுக்கி, பின்னால் நீள நீளமாக வகுத்தார்கள். நம் பழைய தெருவீடுகளின் கணக்கும் கிட்டத்தட்ட இதே. முன்னால் சத்திரமோ கடையோ இருக்கும். பின்னால் லாயம், பட்டறை, கிடங்கு. வண்டி உள்ளே போக வேண்டுமே, அதற்காக முகப்புக் கட்டடத்திலேயே ஒரு வழி விட்டார்கள். ஃபார்ன்ஹம் ஒரு காலத்தில் பெரிய கோதுமைச் சந்தை, அப்புறம் பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் விளைந்த ஊர். வண்டிகளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

இது தெரிந்தபின் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் நின்று பாருங்கள். கடைகளின் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். உள்ளே பத்து அடி வைத்தால் பஸ் சத்தம் பாதியாகிவிடும். தெருப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் கட்டடங்கள் போகப் போகத் தணிந்து, ஓடு போட்ட தாழ்வான கூரைகளாகிவிடும். எஜமானர் முன்னால், குதிரை பின்னால் என்ற அந்தப் பழைய வரிசை கூரையிலேயே தெரிகிறது. பின்னாலிருந்து நுழைந்தால் அது சாதாரண வணிக வளாகம். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதுதான் எல்லாமே.

எனக்கு இதில் பணமும் போயிருக்கிறது. வேறொரு ஊரில் (பெயர் வேண்டாம்) இரண்டு மணி நேரம் இலவசம் என்று போட்டிருந்த தனியார் நிறுத்துமிடத்தில் காரை விட்டேன். யார்டு, காபி, கடைகள் என்று சுற்றியதிலேயே ஒன்றேமுக்கால் மணி நேரம் கழிந்தது. அப்போதுதான் வளைவு வாசல் வழியாக ஒரு தெரு தெரிந்தது. சரி, ஒரு நிமிடம் என்று போனேன். கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துவிட்டது. நூறு பவுண்டுக்கு நோட்டீஸ் வீடு தேடி வந்தது. 14 நாளுக்குள் கட்டினால் அறுபது. அறுபது பவுண்டு கட்டியும் அந்தத் தெருவை முழுதாகப் பார்க்கவில்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

காரில்தான் வருவேன் என்றால் நாலு மணி நேரத்துக்குக் காசு கட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரயில், சுமார் ஒரு மணி நேரம். ஃபார்ன்ஹம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் நேராக ஊரின் முன்வாசலுக்கே வந்துவிடுவீர்கள்.

திங்கட்கிழமை

வேண்டாம். சின்னக் கடைகள் பலவும் அன்று பூட்டியிருக்கும்.

ஞாயிறு மாலை

அதுவும் வேண்டாம். பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது இங்கே சட்டம்.

செங்கல் முகப்பை நம்பி வயது சொல்வது

காசில் ஸ்ட்ரீட்டில் வருகிறவர்கள் எல்லாவற்றையும் 18ஆம் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் தப்பு வரும். நேர்த்தியான செங்கல் முகத்துக்குப் பின்னால் அதைவிடப் பழைய மரச்சட்ட வீடு ஒளிந்திருக்கலாம். மறுபக்கம், தெரு முனையில் கம்பீரமாக நிற்கும் டவுன் ஹால் கட்டடம் 1930களில் வந்தது. ஹெரால்ட் ஃபாக்னர் என்ற உள்ளூர்க் கட்டடக்கலைஞர் பழைய பாணியிலேயே கட்டினார். பக்கத்தில் குழந்தைகளுக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருந்த நான் ஒருநாள் இதைத் தெரிந்துகொண்டு வாயை மூடினேன். தேதியோடு எதையாவது காட்ட வேண்டுமென்றால் அதே தெருவில் வயதான ஏழைகளுக்காக 1619இல் கட்டிய எட்டு வீடுகளின் வரிசையைக் காட்டுங்கள்.

முதல் கடையிலேயே மண்பாண்டம் வாங்குவது

கைவினைக்குப் பேர்போன ஊர், கை சும்மா இருக்காது. ஆனால் கோட்டை பார்த்துவிட்டு வந்து வாங்குங்கள். வின்செஸ்டர் பிஷப் ஹென்றி 1138இல் தொடங்கியது அது, காசில் ஸ்ட்ரீட்டின் மேல்முனையில் இருக்கிறது. ஏறும் படிகள் ஏழு ஏழாக இருக்கும். பார்வை போன பிஷப் ஃபாக்ஸ் எண்ணிக்கொண்டே ஏற அப்படி அமைத்தார்களாம். நான் நாலு கிலோ ஜாடியோடு எண்ணிக்கொண்டே ஏறினேன். மூன்றாவது ஏழில் எண்ணிக்கை தப்பிவிட்டது. ஜாடி இப்போது வீட்டு வாசலில் குடை வைக்கப் பயன்படுகிறது.