மணிக்கட்டைப் பிடித்தால் முதலில் காலை நகர்த்துங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் தற்காப்பு பழகுகிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எங்க அடிச்சா சுருண்டு விழுவான்?" அடிக்கு அப்புறம் வரலாம், முதல் வாரம் முழுக்கக் காலடிதான், அதாவது காலை ஊன்றி நகர்த்தும் முறை. சிலம்பத்தில் கம்பைத் தொடுவதற்கு முன் பழக்குவதும் காலடி. வெறுங்கையால் செய்யும் குத்துவரிசைக்கும் அதுதான் அடிப்படை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டிக் குத்துச்சண்டை வளர்த்த வடசென்னையில் வாத்தியார்கள் கண் வைப்பதும் காலில்தான்.

1. நில்லுங்கள். தோள் அகலத்துக்குக் கால் விரித்து, ஒரு கால் அரை அடி முன்னால். முட்டி லேசாக மடங்கட்டும். தோழியைத் தோளில் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறினால் இன்னும் கொஞ்சம் அகட்டுங்கள்.

2. இப்போது அவள் உங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கட்டும். கை தானாகப் பின்னால் இழுக்கும். இழுக்காதீர்கள், பலசாலிதான் ஜெயிப்பான். பிடியை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல் மட்டும். விரல் நுனிகள் சந்திக்கும் இடுக்குதான் வாசல்.

3. உங்கள் மணிக்கட்டின் ஒடுங்கிய ஓரம் அந்த இடுக்குக்கு நேராக வரும்படி கையைத் திருப்புங்கள். அதே நொடியில் அவளை நோக்கி ஒரு காலடி. முழங்கை அவள் முழங்கைப் பக்கம் மடங்க, உள்ளங்கை உங்கள் தோளுக்கு வரும். "விடுடா!" என்று வயிற்றிலிருந்து கத்துங்கள். காலும் கையும் குரலும் ஒன்றாக வந்தால் கட்டைவிரல் விட்டுவிடும். முதலில் மெதுவாகப் பத்து தடவை, பிறகு வேகமாக, இரண்டு கையிலும்.

வளையலைக் கழற்றிவிட்டுப் பழகுங்கள். நான் சொல்ல மறந்த ஒருநாள் கண்ணாடி வளையல் உடைந்து ஒரு பெண்ணின் கை கிழிந்தது. அந்தத் தவறு என்னுடையது.

4. விடுபட்டதும் நின்று சண்டை போடாதீர்கள். வெளிச்சமும் கடையும் இருக்கும் பக்கம் ஓடுங்கள். 112-ஐ அழையுங்கள், மகளிர் உதவிக்கு 181. தற்காப்பு உரிமையை நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா தருகிறது. தேவைக்கு மேல் காயப்படுத்த அது இடம் தராது.

தோழியின் பிடி பழகிப்போனால் அடுத்த வீட்டு மீன்கார அம்மாவைக் கேளுங்கள். காசிமேட்டில் ஐஸ் கூடை தூக்கித் தூக்கி உரமேறிய கை அது. அந்தப் பிடியிலிருந்து வெளியே வந்த பிறகு, இரண்டு கையாலும் பிடிப்பதைச் சொல்லித்தருகிறேன்.