பழைய செப்புத்தகட்டு உருவப்படம்: அச்சடித்த காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மான்டேகுவின் படத்தை வைத்தே பார்ப்போம். மூன்று முறை பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர். கடைசி முறை 1771 முதல் 1782 வரை. ஹவாய்க்கு 1778-ல் கேப்டன் குக் ‘சாண்ட்விச் தீவுகள்’ என்று பெயரிட்டது இவரை நினைத்துத்தான். ஓவியர் சோஃபனியின் ஓவியத்தைப் பார்த்து வேலன்டைன் கிரீன் 1774-ல் மெசோடின்ட் முறையில் தகட்டில் ஏற்றினார்.

தேவை: 10 மடங்கு லென்ஸ், ஒரு டார்ச். செல்போன் கேமரா வேண்டாம். நாம் தேடும் பொடிப் பொடிப் புள்ளிகளை அதன் மென்பொருளே மழுப்பிவிடும்.

1. படத்தில் அவர் அணிந்திருக்கும் மேலங்கியின் கருப்புப் பகுதியில் லென்ஸை வையுங்கள். மெசோடின்டில் தகடு முழுவதையும் பல்லுளியால் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டுவார்கள். அதனால் கருப்பு வெல்வெட் போல இருக்கும். சாம்பல் நிறத்துக்கு மாறும் இடத்தில் பல் பதிந்த தடம் குறுக்கும் நெடுக்கும் தெரியும். புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி சீராக வரிசைகட்டி நின்றால் அது பிற்காலப் புத்தக அச்சு. அதோடு விட்டுவிடலாம்.

2. ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பல படங்களை உள்ளே தள்ளி வெட்டியிருப்பார்கள்.

3. அடியில் உள்ள எழுத்து. ‘பின்க்ஸிட்’ என்றால் வரைந்தவர், ‘ஸ்கல்ப்ஸிட்’ அல்லது ‘ஃபெசிட்’ என்றால் தகட்டில் செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டவர். சொல்லின் நடுவில் எஃப் போலத் தெரிவது பெரும்பாலும் ‘நீண்ட எஸ்’, அதாவது எஸ் எழுத்தின் பழைய வடிவம். 1735-ல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் சட்டப்படி பதிப்புரிமை பெற, தகட்டில் தேதியும் உரிமையாளர் பெயரும் இருக்க வேண்டும். 1752-க்கு முந்தைய தேதி என்றால் உஷார்: இங்கிலாந்தில் அப்போது ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. சாண்ட்விச் முதலில் பதவியேற்ற 1748 பிப்ரவரி, அந்தக் கணக்கில் 1747.

4. சறுக்கும் இடம் இதுதான். தேதி தகட்டுக்குரியது, கையிலுள்ள தாளுக்கு அல்ல. தகடுகள் கைமாறி, பல ஆண்டுகள் கழித்தும் அச்சேறின. மெசோடின்ட் தகட்டில் பல்லுளி கிளப்பிய பிசிர் சீக்கிரம் தேயும். கருப்பு வெளிறி, முகம் தட்டையாக இருந்தால் பிந்தைய பிரதி என்று சந்தேகப்படலாம். தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 25 மி.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரிந்தால் பழைய வகைத் தாள். ஆனால் அதே வகை இன்றும் தயாராகிறது, ஆகவே அது மட்டும் சாட்சியாகாது. கோடில்லாத வழுவழுப்புத் தாளை ஆங்கிலேயத் தாள் தயாரிப்பாளர் வாட்மன் 1750-களில் செய்தாலும், பரவலானது 1790-களுக்குப் பிறகே. நீர்க்குறியில் (தாள் செய்யும்போதே அதில் பதிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் குறி) 1801 என்று இருந்தால் பேச்சே இல்லை: அடியில் 1774 என்றிருந்தாலும் அந்தத் தாள் 1801-க்கு முன் அச்சேறியிருக்க முடியாது.

பின்சேர்க்கை: அட்டையில் ஒட்டிய படம் என்றால் உரிக்காதீர்கள், நனைக்காதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில், தாளோடு படுத்தாற்போல் அடியுங்கள். சங்கிலிக் கோடு சில சமயம் அப்படியே தெரியும்.