பாரதக் கூத்துக்கு கார்ட்லெஸ் மைக்: தபசு மரம் முதல் படுகளம் வரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் சொற்பொழிவு, இரவில் விடிய விடியக் கூத்து. களரிக்கு (கூத்து ஆடும் இடத்துக்கு) மேலே கயிறு கட்டி இரண்டு மைக்கைத் தொங்கவிடுவது பழைய வழக்கம். வேஷக்காரர் அதன் அடியில் வந்து நின்றால்தான் வசனம் கேட்கும், அடவு போட்டு நகர்ந்தால் குரல் தேய்ந்துவிடும். கார்ட்லெஸ் மைக் அந்தக் குறையைத் தீர்க்கும். சரியாக வைக்காவிட்டால் துகில் தொடும் கட்டத்தில் திரௌபதியின் குரல் பாதியில் அறுந்துபோகும். தொங்கும் மைக்கே தேவலாம் என்று ஊரார் சொல்லும்படி ஆகிவிடும்.

கார்ட்லெஸ் மைக் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரேடியோ நிலையம். குரல் அறுந்ததும் எல்லோரும் ஒலிகளைக் கலக்கும் மிக்சரில்தான் கை வைக்கிறார்கள். கோளாறோ பெரும்பாலும் மிக்சருக்கு வருமுன்பே, காற்றில் நடந்து முடிந்திருக்கும். அலை போகும் வழியை முதலில் பாருங்கள், சத்தத்தை அப்புறம் பார்க்கலாம்.

எத்தனை செட், எந்த வகை

ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, பின்பாட்டு எல்லாம் உட்கார்ந்த இடத்தில் நடப்பவை. அவற்றுக்கு வயர் மைக்கே நல்லது. நகர்பவருக்கு மட்டும் கார்ட்லெஸ் கொடுங்கள். முக்கிய வேஷங்களுக்கு இரண்டு பெல்ட் பேக் (இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டர்), கட்டியக்காரனுக்கும் பகல் சொற்பொழிவுக்கும் ஒரு கை மைக், மாற்றாக இன்னொரு கை மைக் என்று நான்கு செட் இருந்தால் ஒரு பாரதத்தை ஓட்டிவிடலாம். செட் கூடக் கூட அலைகள் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பும் கூடும்.

வாங்குமுன் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் அலைவரிசை எண்ணைப் படியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் சின்ன மண்டபத்துக்கும் போதும். கூத்துக்கு வேண்டாம். வைஃபையும் ப்ளூடூத்தும் ஓடுவது அதே பட்டையில்தான், அதோடு அந்த அலை மனித உடம்பைத் தாண்டிப் போகத் திணறும். ஆயிரம் பேர் கூடிய களரியில் கூட்டமே சுவராக நிற்கும். அதைவிட மிகக் கீழான அலைவரிசையில் ஓடும் விஎச்எஃப் செட் விலை குறைவு. ஆனால் சேனல்கள் குறைவு, சீரியல் விளக்கு, எல்ஈடி பலகை ஆகியவற்றின் மின் இரைச்சலும் எளிதாக ஏறும். எல்லாவற்றிலும் பொருத்தம் யுஎச்எஃப். அதிலும் 470 முதல் 698 மெகாஹெர்ட்ஸுக்குள் இருப்பதைத் தேடுங்கள்.

அதற்கு மேலே போகக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 700 பட்டையில் போன்கள் 703 முதல் 748 வரையும் டவர்கள் 758 முதல் 803 வரையும் பேசுகின்றன. 2022 ஏலத்தில் ஜியோ இந்தப் பட்டையில் இடம் வாங்கி 5ஜி ஓட்டுகிறது. 824-க்கு மேலே பழைய 850 பட்டை இருக்கிறது. ஐந்து வருஷம் நன்றாக ஓடிய 740, 780 மெகாஹெர்ட்ஸ் மைக் இப்போது ஓர் ஊரில் பாடுகிறது, அடுத்த ஊரில் கரகரக்கிறது என்றால் மைக் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பக்கத்து டவரை அண்ணாந்து பாருங்கள்.

இன்னொன்று, மைக்கின் அலையைப் பிடிக்கும் பெட்டியான ரிசீவரில் இரண்டு ஆண்டெனா இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அலை நேராகவும் வரும், தகரக் கூரை, பந்தல் பைப், நிறுத்தியிருக்கும் வேன் மீது பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஓரிடத்தில் எதிரெதிராகச் சந்தித்தால் அங்கே சிக்னல் செத்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 50 சென்டிமீட்டர்தான். வேஷக்காரர் அரை அடி நகர்ந்ததும் குரல் அறுந்து திரும்ப வருவது இதனால்தான். இதற்கு மருந்து டைவர்சிட்டி: ஒரே மைக்கை இரண்டு ஆண்டெனாவும் கேட்கும், எது நன்றாகக் கேட்கிறதோ அதை ரிசீவர் எடுத்துக்கொள்ளும். முகப்பில் ஏ, பி என்று இரண்டு விளக்குகள் மாறி மாறி எரியும். விலை மலிவான இரட்டை மைக் பெட்டிகள் பலவற்றில் மைக்குக்கு ஓர் ஆண்டெனா என்ற கணக்கில்தான் இரண்டு இருக்கும். அது டைவர்சிட்டி ஆகாது.

ரிசீவர் எங்கே

மிக்சர் மேஜைக்கு அடியில், ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் மேல், எல்ஈடி பலகைக்குப் பின்னால் ரிசீவரை வைக்கக்கூடாது. களரியின் ஓரத்தில், கூட்டத்தின் தலைக்கு மேல், தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில், மைக்கும் ஆண்டெனாவும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும்படி வையுங்கள். மைக் ஆண்டெனாவுக்கு 3 மீட்டருக்குள் வரவும் கூடாது, அதிக சிக்னலில் ரிசீவர் திணறும். இரண்டு ஆண்டெனாவையும் ‘வி’ போல விரித்து நிறுத்துங்கள். வேஷக்காரர் திரும்பும்போது அவர் இடுப்பிலிருக்கும் ஆண்டெனா சாயும், விரித்து வைத்தால் இரண்டில் ஒன்றாவது அதைப் பிடிக்கும்.

மிக்சர் 30 மீட்டர் தள்ளி இருக்கிறதே என்று ஆண்டெனா கேபிளை நீட்ட வேண்டாம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டர் போனாலே 600 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். ரிசீவரைக் களரிப் பக்கமே வைத்து, அதன் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் பிளக்) அவுட்டிலிருந்து சாதாரண பேலன்ஸ்டு மைக் கேபிளை மிக்சருக்கு இழுங்கள். ஒலி கேபிள் 30 மீட்டர் போனாலும் குரலில் ஒரு குறையும் தெரியாது. அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபேன்டம் (மிக்சர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்கட்டும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது பெரிய விளக்கு ஏறினால் வோல்டேஜ் ஒரு நொடி விழும், ரிசீவர் அணைந்து எரியும். ரிசீவர்களுக்கு மட்டும் 600 விஏ கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்று போதும். இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

அலைவரிசை பொருத்துவது

வரிசை முக்கியம். சீரியல் விளக்கு, எல்ஈடி பலகை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். உங்கள் மைக்குகள் அத்தனையையும் அணையுங்கள். ஒரு ரிசீவரில் ஸ்கேன் ஓட்டி, அது காட்டும் காலியான குரூப்பை (ஒன்றோடொன்று மோதாத சேனல்களின் தொகுப்பை) குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ரிசீவருக்கும் அதே குரூப்பிலிருந்தே வெவ்வேறு சேனல் கொடுங்கள். பிறகு மைக்கை ஒவ்வொன்றாக எரியவிட்டு, ரிசீவரின் அகச்சிவப்புக் கண்ணெதிரே சில அங்குலத்தில் பிடித்து சிங்க் செய்யுங்கள், ரிசீவரின் சேனல் மைக்கிலும் ஏறும். ஒன்று சிங்க் ஆகும்போது மற்றவை அணைந்திருக்கட்டும்.

குரூப்பை விட்டு, சம இடைவெளியில் கையால் எண் போடுவது பெரிய தப்பு. 606.0, 606.8 என்று இரண்டு மைக் ஓடினால் அவை கலந்து 605.2-லும் 607.6-லும் பேய் சிக்னல் உண்டாகும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் இந்த எண் வரும். மூன்றாவது மைக்கை 607.6-ல் வைத்தவருக்கு மற்ற இருவரின் குரலும் அங்கே இரைச்சலாக விழும். கம்பெனி குரூப் எண்கள் இந்த மோதலைக் கணக்குப் போட்டு விலக்கியவை.

எல்லாம் எரிந்தபின் ஒரு சோதனை: ஒரு மைக்கை மட்டும் அணையுங்கள். அதன் ரிசீவரில் அலை வருவதைக் காட்டும் ஆர்எஃப் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்தச் சேனலில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது, மாற்றுங்கள். நான்கையும் இப்படிச் சோதித்த பிறகு ஒருவரை மைக்கோடு களரி முழுக்க, வேஷம் கட்டும் கொட்டகை வரை எண்ணிக்கொண்டே நடக்க விடுங்கள். விளக்கு விழும் இடத்தைக் கண்டால் ரிசீவரை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். பகலில் காலிக் களத்தில் சரியாக இருந்தது இரவில் கூட்டம் வந்ததும் மாறும். அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்தே பொருத்துங்கள்.

லெவல் வைப்பது சுருக்கமான வேலை. முதலில் மைக்கில் உள்ள கெய்ன் (குரலைப் பெருக்கும் அளவு). பாடச் சொல்லாதீர்கள், துரியோதனன் வேஷக்காரரைத் தர்பார் வருகையில் கத்துகிறபடி கத்தச் சொல்லுங்கள். பீக் விளக்கு அந்த உச்சத்தில் மட்டும் மின்னினால் சரி. மைக்கில் உடைந்த குரலை மிக்சரில் யாரும் ஒட்ட முடியாது. ரிசீவர் அவுட்டை நடுவிலோ 0 டிபியிலோ வைத்து, மிச்சத்தை மிக்சர் கெய்னில் முடியுங்கள். சிக்னல் மெலிந்தால் ஒலியை அடைக்கும் ஸ்க்வெல்ச்சை கம்பெனி வைத்த இடத்திலேயே விடுங்கள். ஏற்றினால் இரைச்சல் குறையும், தூரமும் குறையும்.

உடம்பில் கட்டுவது

கூத்து வேஷத்துக்குக் காலர் மைக்கை நெஞ்சில் குத்தினால் மார்புப் பதக்கம் உரசி டம் டம் என்று அடிக்கும். கிரீடம் கட்டும்போதே நெற்றி ஓரத்தில், கிரீடத்தின் விளிம்பில் மைக்கை வைத்து மருத்துவ டேப்பால் ஒட்டுவது நல்லது. ஹெட்செட் என்றால் மைக் முனை வாய்க்கு நேரே வரக்கூடாது, வாயோரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் ‘ப’, ‘ஹ’ எழுத்தெல்லாம் காற்றாய் வெடிக்கும். வயரைக் கழுத்தின் பின்னால் ஒரு சுற்று தளர்வு விட்டு இறக்குங்கள், கிரீடத்தோடு தலை திரும்பும்போது இழுபடாமல் இருக்கும்.

பெல்ட் பேக் இடுப்பின் பின்புறம். ஆண்டெனா நேராகத் தொங்க வேண்டும், மடிக்கவோ தோலில் ஒட்டவோ கூடாது. வேஷத்தின் கண்ணாடிப் பதிப்பும் சரிகைத் தாளும் ஆண்டெனாவை மூடாமல் பாருங்கள். ஆளுக்கு வியர்வை கொட்டும், உப்பு நீர் பேக்கைத் தின்றுவிடும். ஜிப் கவரில் பேக்கை இட்டு, வாயை மேல்பக்கம் வைத்து, வயர் வரும் இடத்தை டேப்பால் மூடுங்கள். சுவிட்சை லாக் போட்ட பிறகே ஆளை விடுங்கள்.

கை மைக்கை வாங்குபவரிடம் இரண்டே சொல்லுங்கள்: வலைத்தலையைக் கையால் பொத்தக்கூடாது, அடிமுனையைப் பிடிக்கக்கூடாது. பொத்தினால் கூவும். பல மைக்குகளில் ஆண்டெனா அடிமுனையில்தான் இருக்கிறது.

பேட்டரி: அல்கலைன், அல்லது 2000 எம்ஏஎச்சுக்கு மேற்பட்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ஹெவி டியூட்டி என்று எழுதிய மலிவு கார்பன் செல் வேண்டாம். சார்ஜ் செல் 1.2 வோல்ட் என்பதால் மீட்டர் குறைவாகவே காட்டும், மீட்டரை நம்பாமல் மணியை நம்புங்கள். இரவு பத்து மணிக்குக் கூத்து தொடங்கினால் பின்னிரவு இரண்டு மணி ஆனதும் ஒரு தடவை மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே பேக்கில் கலக்காதீர்கள்.

அர்ச்சுனன் தபசு

இந்த ஒரு நாளுக்காகவே தனியாக யோசிக்க வேண்டும். அர்ச்சுனன் உயரமான மரத்தில் ஏறிக்கொண்டே பாடுவார். கூட்டம் முழுவதும் கீழே அண்ணாந்து நிற்கும். வழக்கமாக ரிசீவரை மரத்தடியிலேயே வைத்துவிடுகிறார்கள், அதுதான் மோசமான இடம். கம்பி ஆண்டெனா தன் பக்கவாட்டில்தான் அலை வீசும், முனைப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றும் வீசாது. இடுப்பில் நேராகத் தொங்கும் ஆண்டெனாவின் முனை சரியாக மரத்தடியைக் காட்டும். கீழே நிமிர்ந்து நிற்கும் ரிசீவர் ஆண்டெனாவின் முனை அவரைக் காட்டும். இரண்டு ஊமைகள் எதிரெதிரே நிற்பதைப் போல.

15 மீட்டர் மரத்துக்கு ரிசீவரை 20 மீட்டர் தள்ளி வையுங்கள். ஆண்டெனாக்களை மரத்தின் உச்சி பார்த்து நீட்டாமல், உச்சிக்குப் போகும் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காகச் சாயுங்கள். மேலே காற்று அதிகம். ஸ்பஞ்ச் உறையோடு மிக்சரில் அடித்தொனியை வெட்டும் ‘லோ கட்’ வசதியை 100 ஹெர்ட்ஸில் போடுங்கள். பேக்கைப் பெல்ட் கிளிப்பில் விடாமல் துணியால் இடுப்போடு கட்டுங்கள், வயர் எதுவும் தொங்கி ஏணிப்படியில் மாட்டக்கூடாது. ஏறுமுன் புதுப் பேட்டரி, சுவிட்ச் லாக், ஒரு தடவை பேச்சு. மேலே போனபின் யாராலும் திருத்த முடியாது.

படுகளம்

விடிந்ததும் ஆட்டம் மேடையை விட்டு, மண்ணால் செய்த துரியோதனன் உருவம் படுத்திருக்கும் படுகளத்துக்குப் போகும். பீமனும் துரியோதனனும் ஓடுவார்கள், கூட்டம் சூழும். மேடையோரம் இருக்கும் ரிசீவர் இங்கே எட்டாது. இரவே 50 மீட்டர் மைக் கேபிள் ஒன்றைப் படுகளம் வரை இழுத்து வைத்து, ஸ்டாண்டோடு ரிசீவரையும் யுபிஎஸ்ஸையும் அங்கே நகர்த்துங்கள். நகர்த்தியபின் ஸ்கேனை மறுபடி ஓட்டுங்கள், இடம் மாறினால் காற்றும் மாறும். ராத்திரி பேட்டரி எத்தனை மிச்சம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கோளாறு வந்தால்

மிக்சரைத் தொடுமுன் ரிசீவரின் ஆர்எஃப் விளக்கையும் குரல் வருவதைக் காட்டும் ஏஎஃப் விளக்கையும் பாருங்கள். ஆர்எஃப் விழுந்து குரலும் அறுந்தால் தூரம், மறைப்பு, பேட்டரி. ஆர்எஃப் நிறைந்திருந்து ஏஎஃப் அசையாவிட்டால் மியூட் அல்லது காலர் வயர், பெரும்பாலும் பிளக் சேரும் இடத்தில் அறுந்திருக்கும். இரண்டும் இருந்து குரல் கரகரத்தால் மைக்கை அணைத்துப் பாருங்கள்: ஆர்எஃப் அப்படியே எரிந்தால் வேறொருவர் அலை, அணைந்தால் வயரை ஆட்டிப் பாருங்கள். ஏஎஃப் சிவந்து குரல் உடைந்தால் மைக் கெய்ன். ம்ம் என்று விடாமல் இரைந்தால் கால் இஞ்ச் பின்னை எடுத்துவிட்டு எக்ஸ்எல்ஆர் போடுங்கள். எர்த் பின்னை வெட்டும் வேலை வேண்டாம், உயிர் போகும்.

கூவுவது வேறு கதை. நடமாடும் மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்துவிடும், அதனால் பாக்ஸ்களைக் களரி விளிம்புக்கு முன்னே தள்ளி, கூட்டத்தைப் பார்த்துத் திருப்புங்கள். பேசாதவரின் ஃபேடரை (மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழை) இறக்கி வையுங்கள், நான்கும் திறந்திருந்தால் கூவாமல் இருக்காது. ஒரே மைக் கூவினால் ஈக்வலைசரில் அந்த ஒரு பட்டையை மட்டும் 3 முதல் 6 டிபி குறையுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், எத்தனை மணி வரை எவ்வளவு சத்தம் என்பதைக் காவல் நிலைய அனுமதியில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பாக்ஸ் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

மைக்கை மேடையில் அணைக்கச் சொல்லாதீர்கள். முதலில் ஃபேடர் இறங்க வேண்டும், பிறகு மைக் அணைய வேண்டும். எரியவிடும்போது தலைகீழ் வரிசை. எல்லாம் முடிந்ததும் செல்களைக் கழற்றி, பேக்கின் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்பஞ்சுகளைச் சோப்பு நீரில் அலசி நிழலில் காயவைத்து, அப்புறமே பெட்டியை மூடுங்கள்.