ஜூரி டூட்டி லெட்டர் வந்தா பண்ணக்கூடாத தப்புங்க

அமெரிக்கால சிட்டிசன்ஷிப் வாங்கின நம்மாளுங்க பல பேருக்கு கோர்ட் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியறதே ஜூரி (கேஸ் கேட்டு முடிவு சொல்ற பொதுமக்கள் குழு) சம்மன் வந்து போய் உக்காரும்போதுதான். அதுவரைக்கும் சினிமா கோர்ட்தான் மனசுல ஓடிட்டிருக்கும், முக்கால்வாசி தப்பு அங்கேருந்துதான் வருது.

மொத தப்பு, லெட்டர குப்பையில போடறது. ஃபெடரல் கோர்ட் (மத்திய அரசு கோர்ட்) சம்மன காரணம் இல்லாம தட்டிக்கழிச்சா 1000 டாலர் வரைக்கும் ஃபைன், 3 நாள் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துலயே இருக்கு. கிரீன் கார்டுல இருக்கறவங்க ஜூரில உக்கார முடியாது, ஆனாலும் லெட்டர கிடப்புல போடாம சிட்டிசன் இல்லன்னு டிக் பண்ணி திருப்பி அனுப்பிடுங்க, அவசரத்துல சிட்டிசன்னு டிக் பண்ணிட்டீங்கன்னா பின்னாடி இமிக்ரேஷன்ல பெரிய தலைவலி ஆயிடும். அப்புறம், "நீங்க ஜூரி டூட்டிக்கு வரல, வாரண்ட் போட்டாச்சு, உடனே கிஃப்ட் கார்டுல பணம் கட்டுங்க"ன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க. பக்கா ஃபிராடு.

ஜூரிக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேப்பாங்க, அப்ப தப்பிச்சு ஓடறதுக்காக "எனக்கு போலீஸ்னாலே ஆகாது"ன்னு அடிச்சு விடாதீங்க, சத்தியம் பண்ணிட்டு சொல்றது அது. உங்கள வேணாம்னு அனுப்பிட்டா அவமானமும் இல்ல, பெரும்பாலான கோர்ட்ல ரெண்டு பக்க வக்கீலும் காரணம் சொல்லாம சில பேர கழிக்கலாம், ஆனா இனத்த பாத்து கழிக்கக்கூடாதுன்னு 1986லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

உள்ள போனதுக்கப்புறம் பண்ற பெரிய தப்பு, துப்பறிய கிளம்பறது. ஆக்சிடென்ட் நடந்த முக்க மேப்ல தேடறது, சாட்சி பேர கூகுள்ல போடறது, வீட்டுல "இன்னைக்கு கேஸ் என்னன்னா"ன்னு ஆரம்பிக்கறது, இதெல்லாம் வெளிய வந்தா நாள்கணக்கா நடந்த விசாரணைய ரத்து பண்ணிட்டு மறுபடி மொதல்லேருந்து நடத்த வேண்டி வரலாம். ரூல் ஓவர்னு தோணும், ஆனா யோசிச்சு பாருங்க, சாட்சி பொய் சொன்னா எதிர் வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாரு, உங்க போன்ல நீங்க தனியா பாத்தத யாரு குறுக்கு விசாரணை பண்றது?

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டு ஏறாம வாயே திறக்கலன்னா "ஏதோ மறைக்கிறான்"னு முடிவு கட்டறது அடுத்தது. மௌனம் சம்மதம்னு கேட்டே வளந்த நமக்கு இத விடறது கஷ்டம்தான், ஆனா பேசாம இருக்கறது அரசியலமைப்போட அஞ்சாவது திருத்தம் குடுக்கற உரிமை, நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அதையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். சிவில் கேஸ்ல அவ்வளவு வேணாம், பெரும்பாலும் தராசு எந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சாலும் போதும். இது ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. தண்டனை எத்தன வருஷம்னும் மண்டைய உடைச்சுக்காதீங்க, மரண தண்டனை கேஸ் மாதிரி சிலத விட்டா பெரும்பாலும் அது ஜட்ஜ் வேலை.

கடைசியா ஜூரி ரூம், அதாவது விசாரணை முடிஞ்சு ஜூரி மட்டும் உக்காந்து பேசி முடிவெடுக்கற ரூம். கதவ சாத்தின உடனே "வாங்க ஓட்டு போடலாம்"னு ஒருத்தர் சொல்வாரு, ஒத்துக்காதீங்க. சொன்ன ஓட்ட காப்பாத்தறதுலயே எல்லார் வாதமும் போயிடும், சாட்சியத்த யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. சந்தேகம் வந்தா பேப்பர்ல எழுதி கோர்ட் ஊழியர்கிட்ட குடுக்கணும், ஜட்ஜ் ரெண்டு பக்க வக்கீல்கிட்டயும் பேசிட்டு பதில் அனுப்புவாரு, "நீங்க கேட்ட சாட்சியத்த நீங்களே ஞாபகப்படுத்திக்கோங்க"ன்னு ஒத்த வரியில வந்தாலும் வரும், கடுப்பாகும், அதனால விசாரணை நடக்கும்போதே நோட்ஸ் எடுக்க விட்டாங்கன்னா எடுத்துக்கோங்க. அந்த சீட்டுல மட்டும் "8 பேர் இப்படி, 4 பேர் அப்படி"ன்னு கணக்க எழுதிடாதீங்க, எண்ணிக்கைய சொல்லக்கூடாதுன்னு ஜட்ஜ் முன்னாடியே சொல்லியிருப்பாரு. பெரிய கிரிமினல் கேஸ்ல குற்றவாளின்னு சொல்ல ஜூரில எல்லாரும் ஒத்துக்கணும், இது எல்லா மாநிலத்துக்கும்னு 2020ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அதனால நீங்க ஒத்த ஆளா நின்னாலும் வீட்டுக்கு சீக்கிரம் போகணும்னு மட்டும் தலையாட்டிடாதீங்க.